வண்டிக்கு ஏற்ற அலுமினியத் தகடு

கண்டியிலிருந்து மகியங்கனைக்குச் செல்லும் வீதியில், உடுதும்பறையைக் கடந்த பின், பதினெட்டு வளைவு என்று பெயர் பெற்ற ஓர் இறக்கம் உண்டு. மலைச்சரிவைச் சுற்றிச் சுற்றி இறங்கும் அவ்வீதியில் வண்டி ஓட்டியவர்கள் ஓர் உண்மையை அறிவர். ஒவ்வொரு வளைவிலும் வண்டி ஒரு பக்கம் சாய்கின்றது. பிறேக் பிடிக்கும்போது முன்னோக்கிக் குனிகின்றது. குழியில் ஒரு சில்லு விழும்போது சட்டகம் முழுவதும் ஒருமுறை முறுகி மீள்கின்றது. சட்டகம் முறுகினால் அதன்மேல் அறையப்பட்ட தகடுகளும் முறுகத்தானே வேண்டும்? தக்க தகடு இணங்கிக் கொடுத்துத் திரும்புகின்றது. தகாத தகடு ஆணி துளைத்த இடத்தில் மயிரிழைபோல் கீறத் தொடங்குகின்றது. அக்கீறல் பட்டறையில் தெரிவதில்லை, வளைவில்தான் தெரிகின்றது.

மோட்டார் வண்டியின் உறுப்புகளைக் கையால் செய்துகொள்வோர் அலுமினியத் தகட்டை எவ்வாறு தெரிந்து வாங்க வேண்டும் என்பது, கேட்ட அளவில் ஒரு சிலருக்கே உரிய சிறு பொருளாகத் தோன்றலாம். மலைநாட்டின் நிலைமையை எண்ணிப் பார்த்தால் அது அத்துணைச் சிறியதன்று. நம் நாட்டில் வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு அத்தடை நீங்கியது 2025 பெப்ரவரியில்தான். நீங்கிய பின்னரும் வரியோடு சேர்ந்த விலை எளிய குடும்பங்களுக்கு எட்டாக் கனியே. ஆகவே பழைய லாண்ட் றோவரும், மொறிஸ் மைனரும், மினியும் பேரப்பிள்ளைகளின் காலத்திலும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றின் உடல் பழுதுபட்டால் புதுத் தகடு வெட்டி, வளைத்து, அறைந்துகொள்வதே வழி. இவ்வேலையில் கைதேர்ந்தவர்களும் நம்மிடையே இல்லாமலில்லை. இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர் நிலையத்தை நடத்திய சார்ல்ஸ் வேர் என்பவர், 1990களில் அந்த வண்டிக்கான உடற்பாகங்களை இலங்கையிலே செய்வித்து இங்கிலாந்துக்கு எடுத்துச் சென்றார். அவை எஃகுத் தகட்டால் ஆனவை. எனினும் தாய்நாட்டில் கிடைக்காத உறுப்பு சேய்நாட்டில் உருவாகிச் சென்றது ஒரு விந்தையே.

பழைய வண்டியைப் புதுக்குவோரோடு மற்றொரு கூட்டத்தாரும் உளர். அவர்கள் ஒரு வண்டியையே தம் கையால் பூட்டி எடுக்க விழைபவர்கள். உறுப்புகளைத் தொகுதியாய் வாங்கி வீட்டிலே பூட்டும் இத்தகைய வண்டியை மேல்நாட்டார் கிட் கார் என்பர். கொலின் சப்மன் என்னும் ஆங்கிலப் பொறியியலாளர் 1957இல் வெளியிட்ட லோட்டஸ் செவன் இதற்குப் பேர்போன எடுத்துக்காட்டு. எஃகுக் குழாய்களாலான ஒரு கூடு, அதன்மேல் மெல்லிய அலுமினியத் தகடு, அவ்வளவே. முழுமையாகப் பூட்டிய காருக்கு அக்காலத்தில் இங்கிலாந்தில் கொள்வனவு வரி இருந்தது. உறுப்புத் தொகுதிக்கு இல்லை. தொகுதியோடு பூட்டும் முறையை எழுதிக் கொடுத்தால் வரிவிலக்கு கெடும் என்பதால், கழற்றும் முறையை எழுதிக் கொடுத்து, அதைத் தலைகீழாகப் படித்துக்கொள்ளும்படி விட்டார்கள் என்று ஒரு கதையும் சொல்வதுண்டு. 1973 முதல் அவ்வண்டியைக் கேட்டர்ஹாம் என்னும் நிறுவனம் செய்துவருகின்றது. அதே இங்கிலாந்தில், ஔண்டில் பாடசாலையில் தொழில்நுட்பம் கற்பித்த றொன் சம்பியன் என்னும் ஆசிரியர், குறைந்த செலவில் இத்தகைய வண்டியை அமைக்கும் முறையை 1996இல் ஒரு நூலாக எழுதினார். மாணவர்கள் அதைச் செய்து ஓட்டிக் காட்டினர். பாடசாலைப் பட்டறையில் இவ்வளவு செய்யலாம் என்றால், பேராதனையிலும் கட்டுகஸ்தோட்டையிலும் உள்ள பட்டறைகளில் ஏன் செய்ய முடியாது?

கைவன்மையில் குறைவில்லை. குறை தோன்றுவது தகடு வாங்கும் இடத்தில். கண்டி நகரில் ஓர் இளைஞர் இரும்புக்கடைக்குச் செல்கின்றார் என்று வைத்துக்கொள்வோம்.

"முதலாளி, அலுமினியத் தகடு இருக்கிறதா?"

"இருக்கிறது தம்பி. என்ன கேஜ்?"

"பதினெட்டு."

"கூரைக்கா, பெயர்ப்பலகைக்கா?"

"காருக்கு, முதலாளி."

"அப்படியானால் நல்ல கெட்டித் தகடாகவே பார்த்துத் தருகிறேன்."

முதலாளி நல்லவர், ஏமாற்றவில்லை. காருக்கு என்றதும் கெட்டியானதே நல்லது என்று அன்போடு எண்ணினார். இளைஞரும் அவ்வாறே எண்ணினார். பட்டறைக்குக் கொண்டுபோய், குறித்த கோட்டில் வைத்து வளைத்த மாத்திரத்தில், அந்தக் கெட்டித் தகடு கோடு நெடுகப் பிளந்துவிடுகின்றது. ஒரு முழுத் தகட்டின் பணம் போயிற்று. பிளந்ததோடு போனாலும் நன்றே. பிளவாமல், கண்ணுக்குத் தெரியாத வெடிப்போடு வண்டியில் ஏறிவிட்டால் என்ன ஆகும்?

அக்கடையில் எந்த அளவு என்று கேட்கப்பட்டது. எதற்கு என்றும் கேட்கப்பட்டது. எந்த இனம், எந்தப் பதம் என்று இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை. அலுமினியம் என்பது ஒரு தனியாளின் பெயரன்று. அது ஒரு குடும்பப் பெயர். அக்குடும்பத்தில் வெண்ணெய்போல் வளைபவரும் உண்டு. உடைந்தாலும் வளையாதவரும் உண்டு. குடும்பப் பெயரை மட்டும் சொல்லி ஒருவரை வேலைக்கு அழைத்தால் யார் வருவார் என்று எவ்வாறு கூற இயலும்?

இக்குடும்பத்தின் உறுப்பினரை நான்கு இலக்கங்களால் குறிப்பது இன்று உலக வழக்கு. 1954இல் அமெரிக்காவில் தொடங்கிய முறை இது. முதல் இலக்கம் ஒன்றாயின் அது ஏறத்தாழக் கலப்பற்ற அலுமினியம். மிக மென்மையானது, கொட்டினால் விரியும், உரம் போதாது. மூன்றில் தொடங்குவன மங்கனீசு சிறிதளவு கலந்தவை. வீட்டிலுள்ள சட்டிபானைகளிலும் கூரைத் தகடுகளிலும் பெரும்பாலும் இவ்விரு வகையே காணப்படும். ஐந்தில் தொடங்குவன மக்னீசியம் கலந்தவை. உரமும் உண்டு, வளைவும் உண்டு, நீரைத் தாங்கும் வலிமையும் உண்டு. ஆறில் தொடங்குவன மக்னீசியமும் சிலிக்கனும் கலந்து, சூட்டினால் உரமேற்றப்பட்டவை. இரண்டிலும் ஏழிலும் தொடங்குவன செம்பும் துத்தநாகமும் கலந்த ஆகாய விமானத் தகடுகள். உரத்தில் அவையே தலைசிறந்தவை. ஆனால் ஈரத்தில் எளிதில் அரிபடுவன; சாதாரண வெல்டிங்குக்கும் இணங்காதவை. விமானத் தகடு என்ற பெயரைக் கேட்டு மயங்கிப் பழைய இரும்புக்கடையில் அதைத் தேடி வாங்குவோர், தம் மட்காட்டுக்கு ஒரு பட்டத்து யானையைக் கட்டிவிட்டுத் தீனி போட முடியாமல் தவிப்போரை ஒப்பர்.

வண்டியுடலுக்கு ஐந்தாம் வகையே பொருத்தம். இதற்கு எழுபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட சான்று மலைநாட்டு வீதிகளிலேயே ஓடுகின்றது. லாண்ட் றோவர் வண்டி 1948 ஏப்ரலில் அம்ஸ்ரடாம் கண்காட்சியில் முதன்முதல் காட்டப்பட்டது. உலகப் போர் முடிந்த அந்நாளில் பிரித்தானியாவில் எஃகு பங்கீட்டில் இருந்தது. அதனால் அதன் உடலைப் பேர்மாபிறைட் என்னும் அலுமினியக் கலப்புலோகத்தால் செய்தார்கள். மக்னீசியம் கலந்தமையால் அதுவும் இந்த ஐந்தாம் வகையைச் சேர்ந்ததே. வறுமையால் செய்த தெரிவு பெரும் நன்மையாய் முடிந்தது. தேயிலைத் தோட்டங்களின் மழையிலும் சேற்றிலும் அதன் அடிச்சட்டம், எஃகாதலால், துருப்பிடித்து இற்றுப்போயிருக்கும். மேலுடலோ நெளிந்தும் கீறல்பட்டும் இருக்குமேயன்றி இற்றிராது. மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். அழுத்து இயந்திர அச்சுகளுக்குச் செலவிடப் பணமில்லாததால், அதன் உடலைத் தட்டைத் தகடுகளாலும் எளிய வளைவுகளாலுமே வரைந்தார்கள். கையால் வண்டி செய்வோருக்கு அதைவிடச் சிறந்த பாடநூல் கிடையாது.

இன்று கடையில் கேட்க வேண்டிய எண் 5052, அல்லது அதன் நெருங்கிய உறவான 5251. எண்ணோடு பதத்தையும் கேட்டல் வேண்டும். இரும்பு வேலை செய்வோர் பதம் என்னும் சொல்லை நன்கறிவர். அலுமினியத் தகட்டில் அது எண்ணுக்குப் பின் எழுத்தால் குறிக்கப்படும். ஓ என்றால் முழுவதும் இளகிய பதம். எச் 32 என்றால், உருளையில் அழுத்தி ஓரளவு இறுக்கி நிலைப்படுத்திய கால்பதம். எச் 34 என்றால் அரைப்பதம். டி 6 என்பது ஆறாம் வகைக்குரியது. சூடாக்கி, நீரில் குளிரவைத்து, மீண்டும் மிதமான சூட்டில் முதிரவைத்தது. அந்த இளைஞருக்குக் கிடைத்த கெட்டித் தகடு பெரும்பாலும் 6061 டி 6 ஆக இருந்திருக்கும். உரத்தில் அது 5052 எச் 32ஐவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. ஆனால் 5052 கால்பதத் தகடு தன் தடிப்பளவு ஆரத்திலே வளையக் கூடியது. 6061 டி 6 தகட்டுக்கோ அதைப்போல் மும்மடங்கு ஆரமேனும் கொடுத்தல் நலம். இரண்டையும் ஒரே கூர்விளிம்பில் வைத்து மடித்தால் எது பிளக்கும் என்று சொல்லவும் வேண்டுமோ?

பதம் என்றதும் கண்டியின் பழங்கைத்தொழில் நினைவுக்கு வருகின்றது. கொழும்பு வீதியில் பிலிமத்தலாவையை அடைந்தால் பித்தளைக் குத்துவிளக்குகளும் தட்டங்களும் இருமருங்கும் மின்னும். குண்டசாலைக்கு அண்மையிலுள்ள நத்தரன்பொத்தையிலும் உலோகத்தில் சித்திரம் எழுப்பும் கம்மாளர் குடும்பங்கள் உள. இக்கலைகளின் சிறப்பை உலகுக்கு எடுத்துச் சொன்னவர் ஆனந்த குமாரசுவாமி. சர் முத்துக்குமாரசுவாமியின் மைந்தரான அவர் இந்நாட்டுக்குக் கனிப்பொருள் ஆய்வாளராக வந்தார். கற்களைத் தேடி மலைநாட்டில் அலைந்தவர் கைவினைஞர்களைக் கண்டார். கண்டி நாட்டுக் கலைகளைப் பற்றிய அவரது பெருநூல் 1908இல் வெளியாயிற்று. இயந்திர வேலையும் இங்குப் புதிதன்று. கோப்பித் தோட்டங்களுக்கு இயந்திரம் செய்ய ஜோன் வோக்கர் பட்டறை தொடங்கியது கண்டியில்தான்; ஆண்டு 1854.

பித்தளையில் பழகிய கைக்கு அலுமினியம் எளிதாக வசப்படும் என்று எண்ணுவது இயல்பு. ஒரு பாதி உண்மை. கொட்டக் கொட்ட இறுகுவது இரண்டுக்கும் பொது. இறுகியதைச் சூட்டினால் இளக்கலாம் என்பதும் பொது. வேறுபாடு சூட்டில்தான் இருக்கின்றது. பித்தளையைச் சூடாக்கும் கம்மாளர் அதன் நிறத்தைப் பார்க்கின்றார். மங்கிய செந்நிறம் ஏறியதும் போதும் என்று எடுத்துவிடுகின்றார். தலைமுறை தலைமுறையாகக் கண் பழகிய அளவுகோல் அது. அலுமினியமோ நிறம் மாறாது. வெண்மையாகவே இருந்து, வெண்மையாகவே இருந்து, திடீரென்று ஓட்டை விழுந்து கீழே சொட்டிவிடும். பித்தளை செம்மை கொள்ளும் சூட்டுக்கு மிக அண்மையிலேயே அலுமினியம் உருகத் தொடங்கிவிடுகின்றது. கலப்பற்ற அலுமினியத்தின் உருகுநிலை 660 பாகை சென்ரிகிறேட். கலப்புலோகங்களுக்கு அதனினும் குறைவு. ஆகவே ஐம்பது ஆண்டு அனுபவமுள்ள கைகளும் முதல் தகட்டில் தோற்பதுண்டு. அது கையின் குற்றமன்று. கண்ணுக்கு வழிகாட்டும் நிறம் இல்லாமையே காரணம்.

இதற்குப் பட்டறையாளர் கண்டுபிடித்த உபாயம் மிக எளியது. உடுப்புத் தோய்க்கும் சவர்க்காரக் கட்டியால் தகட்டின்மேல் சில கோடுகள் இழுப்பார்கள். பின் மறுபக்கத்திலிருந்து சுவாலையை ஓரிடத்தில் நிறுத்தாமல் அசைத்து அசைத்துக் காட்டுவார்கள். சவர்க்காரக் கோடு முதலில் பழுப்பாகிப் பின் கறுக்கும். கறுத்ததும் சுவாலையை விலக்கிவிட வேண்டும். இளகுவதற்கு வேண்டிய ஏறத்தாழ 350 பாகைச் சூடு அப்பொழுது ஏறியிருக்கும். தகடு ஆறிய பின் மரக் கொட்டாப்புளியால், மணற்பையின்மேல் வைத்துக் கொட்டினால், மட்காட்டின் உருண்ட முனையும் விளக்குக் கிண்ணமும் அழகாக எழும். மறுபடி இறுகினால் மறுபடி சவர்க்காரம். இப்படி ஆழமாகக் கொட்டி எழுப்பும் பாகங்களுக்கு 3003 வகைத் தகடு 5052ஐவிடக் கைக்கு அடக்கமானது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். டி 6 தகட்டுக்கு மட்டும் இந்த வைத்தியம் ஆகாது. அதையும் இளக்கலாம்; ஆனால் எந்த உரத்துக்காகக் கூடுதல் பணம் கொடுத்து வாங்கினோமோ அந்த உரம் அச்சுவாலையிலேயே போய்விடும். வெல்டிங் செய்தாலும் இதே கதைதான். ஒட்டிய இடத்தருகே டி 6 தன் உரத்தில் ஏறத்தாழப் பாதியை இழக்கின்றது.

தடிப்பைப் பற்றிய ஒரு மயக்கத்தையும் நீக்க வேண்டும். கடைகளில் கேஜ் என்று கேட்கும் வழக்கம் இன்னும் போகவில்லை. எந்தக் கேஜ்? பிரித்தானிய அளவில் பதினெட்டு என்றால் 1.22 மில்லிமீற்றர். அமெரிக்கர் அலுமினியத்துக்கு வழங்கும் அளவில் அதே பதினெட்டு 1.02 மில்லிமீற்றர். ஆறில் ஒரு பங்கு வேறுபாடு! ஆகையால் மில்லிமீற்றரில் கேட்பதே அறிவுடைமை. நுண்ணளவுகோல் இல்லையேல் தராசு உதவும். எட்டடிக்கு நாலடி அளவுள்ள முழு அலுமினியத் தகடு 1.2 மில்லிமீற்றர் தடிப்பாயின் ஏறத்தாழ ஒன்பதரைக் கிலோகிராம் நிற்கும். 1 மில்லிமீற்றராயின் எட்டு. இருபத்தெட்டுக் கிலோ நின்றால் அது அலுமினியமே அன்று. இதையும் வேடிக்கையாகச் சொல்லவில்லை. அலுமினியமும் துத்தநாகமும் பூசிய எஃகுக் கூரைத் தகட்டையும் அலுமினியத் தகடு என்றே பலர் அழைக்கின்றனர். சட்டைப்பையில் ஒரு சிறு காந்தம் இருந்தால் அந்த ஐயம் ஒரு நொடியில் தீரும்.

எடை எஃகின் மூன்றில் ஒன்று என்பதைக் கேட்டு, எஃகுத் தகட்டின் அதே தடிப்பில் அலுமினியத்தைப் போட்டு ஏமாறுவோர் பலர். எடையில் மூன்றில் ஒன்றாவது போல, வளையாமல் நிமிர்ந்து நிற்கும் விறைப்பிலும் அலுமினியம் மூன்றில் ஒன்றுதான். 1 மில்லிமீற்றர் எஃகுத் தகட்டின் விறைப்பு வேண்டுமானால் 1.4 மில்லிமீற்றருக்குச் சற்று மேற்பட்ட அலுமினியம் வேண்டும். அப்பொழுதும் எடை எஃகின் பாதியே ஆகும், இலாபம் இலாபம்தான். பக்கச் சுவர்களுக்கு 1.2, நிலத்தட்டுக்கு 1.6 அல்லது 2 மில்லிமீற்றர் என்று கொள்வது பொருத்தம். அகன்ற தட்டைத் தகடு ஓட்டத்தில் தகரப்பறைபோல் அதிரும். அதற்குத் தடிப்பைக் கூட்டுவது வீண்செலவு. இடையே ஒரு வரம்பு எழுப்பினால் அதிர்வு அடங்கும். லாண்ட் றோவரின் பக்கவாட்டில் நீளவாக்கில் ஓடும் அந்த மடிப்பு வெறும் அலங்காரம் என்று எண்ண வேண்டாம்.

அலுமினியம் எங்கே ஆகாது? எஞ்சினுக்கும் அமர்ந்திருப்போருக்கும் இடையேயுள்ள மறிதகட்டுக்கு எஃகையே போட வேண்டும். தீப்பற்றினால் எஃகு நின்று சில நிமிடங்களேனும் உயிர் காக்கும். அலுமினியம் உருகி வழி விட்டுவிடும். புகைக்குழாய்க்கு அண்மையிலும் அவ்வாறே. கப்பலுக்கும் படகுக்கும் ஆகும் 5083 போன்ற, மூன்று வீதத்துக்கு மேல் மக்னீசியமுள்ள தகடுகளும் நெடுநேரம் சூடுபடும் இடங்களுக்கு ஏற்றவையல்ல. 65 பாகைக்கு மேற்பட்ட சூட்டில் நாட்கணக்காக இருந்தால் அவற்றின் அரிப்புத் தாங்கும் குணம் கெடும். பிறேக் மிதியைத் தாங்கும் பிடி, ஆசனப்பட்டியைப் பூட்டும் இடம், ஸ்டியரிங் தண்டைத் தாங்கும் பிடி ஆகியவற்றில் மெல்லிய அலுமினியத் தகட்டைப் பயன்படுத்த ஆசைப்படவே கூடாது. கடுகண்ணாவை இறக்கத்தில் முழு வலுவோடு மிதிக்கும் மிதி ஒருமுறை இளகினால் இரண்டாம் முறைக்கு இடமில்லை. இவ்விடங்களில் கால் கிலோ எடையை மிச்சப்படுத்தி யாது பயன்?

அலுமினியத்தின் இயல்பில் ஒரு நுட்பம் இருக்கின்றது. எஃகுக்கு ஓர் எல்லை உண்டு; அந்த எல்லைக்குட்பட்ட சுமையை இலட்சக்கணக்கான முறை ஏற்றி இறக்கினாலும் அது களைப்பதில்லை. அலுமினியத்துக்கு அத்தகைய உறுதியான எல்லை கிடையாது. சிறு சுமையானாலும் எண்ணிக்கை மிகுந்தால் ஒருநாள் வெடிக்கும். 1954இல் கொமெட் என்னும் பிரித்தானிய ஜெட் விமானங்கள் இரண்டு மூன்று மாத இடைவெளியில் மத்தியதரைக் கடற்பகுதியில் சிதறி வீழ்ந்தன. விமானத்தின் கூட்டை நீர்த்தொட்டியில் அமிழ்த்தி அழுத்தத்தை மீண்டும் மீண்டும் ஏற்றி இறக்கிச் சோதித்தபோது, திறப்புகளின் மூலைகளிலும் ஆணித் துளைகளிலும் தொடங்கிய களைப்பு வெடிப்பே காரணம் என்று தெரியவந்தது. ஆகாயத்தில் பறப்பதற்கும் உடுதும்பறைக்குப் போவதற்கும் தூரம் அதிகம்தான். ஆனால் வெடிப்புத் தொடங்கும் இடம் ஒன்றே: துளையும், மூலையும், கீறலும்.

ஆகவே அளவு குறிக்கும்போது கூரான கீறுகோலால் தகட்டில் கோடிழுக்கலாகாது. மைப் பேனாவால் குறிப்பதே முறை. கீறுகோலின் கோட்டில் மடித்தால் வெடிப்புக்கு வாசல் திறந்து விட்டதாகும். தகட்டை உற்றுப் பார்த்தால் உருளையில் ஓடிய திசையில் மெல்லிய வரிகள் தெரியும். மடிப்பு அவ்வரிகளுக்குக் குறுக்காக அமையுமாறு வெட்டிக்கொள்ள வேண்டும். நெடுக அமைந்தால் பிளவு எளிது. மரத்தில் நார் ஓடும் திசையைத் தச்சர் பார்ப்பதில்லையா, அதுபோலத்தான். உட்பக்க மூலைகளை வெட்டும் முன் ஒரு சிறு வட்டத் துளை இட்டு நிறுத்தினால் வெடிப்பு ஓடாது. றிவெட் துளைகளின் பிசிரை நீக்கி, தகட்டின் விளிம்பிலிருந்து ஆணியின் தடிப்பைப்போல் இருமடங்கு தூரமாவது உள்ளே தள்ளி அறைய வேண்டும். முழுத் தகட்டில் கை வைக்கும் முன் ஒரு விரற்கடைத் துண்டை வெட்டி வைஸில் பிடித்து மடித்துப் பார்ப்பது எல்லாவற்றிலும் மலிவான பரீட்சை. எண் அச்சிடப்படாத தகட்டை வாங்க நேர்ந்தால் கடை வாசலிலேயே அதைச் செய்து பார்க்க முதலாளியிடம் உத்தரவு கேட்கலாம். நல்ல முதலாளிகள் மறுப்பதில்லை.

இனி, அண்டை வீட்டுச் சண்டை. அலுமினியமும் எஃகும் நேரே தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் மழைநீர் தங்கினால் அங்கே ஒரு சிறு மின்கலம் உண்டாகின்றது. அதில் அரிபடுவது அலுமினியம். வெண்பொடி பூத்து, பூச்சு கொப்புளித்து, தகடு இற்றுவிடும். கண்டி கடலுக்குத் தொலைவில் இருப்பதால் உப்புக்காற்றின் தொல்லை இல்லை என்பது உண்மை. மழைக்குக் குறைவில்லையே! எஃகுக் குழாயின்மேல் தகட்டை அறையும் முன் இரண்டுக்கும் அடிப்பூச்சுக் கொடுத்து, நடுவில் இறப்பர் நாடாவோ இறுகும் பசையோ இட வேண்டும். செம்பு, பித்தளை ஆணிகள் அலுமினியத்துக்குப் பரம விரோதிகள். பிலிமத்தலாவையில் மலிவாய்க் கிடைக்கின்றன என்று அவற்றை அறைந்துவிடாதிருக்க வேண்டும். அலுமினிய றிவெட்டே ஏற்றது. சுண்ணாம்பும் சீமெந்தும் ஈரத்தோடு சேர்ந்து அலுமினியத்தைத் தின்னும். தோட்டத்துக்குச் சுண்ணாம்பு மூட்டை ஏற்றிய வண்டியின் பின்தட்டை அன்றைக்கே கழுவிவிடுவது நல்லது. வெறும் அலுமினியத்தின்மேல் சாதாரண வர்ணம் ஒட்டாது. எண்ணெய்ப் பசையை நீக்கி, அலுமினியத்துக்கென்றே விற்கும் பிடிபூச்சை முதலில் பூச வேண்டும்.

வண்டியின் உருவத்தையோ எடையையோ மாற்றும் எண்ணமிருந்தால், வெட்டுவதற்கு முன்னரே மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் விசாரித்துக்கொள்ளுதல் உசிதம். பதிவுப் புத்தகத்தில் ஒன்றும் வீதியில் ஒன்றுமாக இருந்தால், காப்புறுதிக்காரர் விபத்துக்குப் பின்னரே அதைக் கண்டுபிடிப்பார்.

வேலை முடிந்ததும் மிஞ்சிய துண்டுகளைப் பழைய இரும்புக்காரரிடம் கொடுத்துவிடுவது வழக்கம். அவற்றில் ஓர் உள்ளங்கையளவு துண்டை மட்டும் வைத்துக்கொண்டு, அதில் தகட்டின் எண், பதம், தடிப்பு, வாங்கிய ஆண்டு ஆகியவற்றை எண் அச்சால் அடித்து, ஆசனத்தின் அடியில் இரண்டு ஆணிகளால் பூட்டி வைக்கலாம். அடுத்த முறை அந்த வண்டியின் பக்கத்தை யாரேனும் இடித்து நெளித்தால், பழுது பார்க்க வருபவர் ஆசனத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கடைக்குச் செல்வார்.